லீவுக்கு வந்து போன பேரனைப் பற்றி

கோபி

கண்ணு,

நாட்டுச்சர்க்கரையும் எலுமிச்சை ஊறுகாயும் அடுத்த வாரம் பெரியப்பா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். கவுந்தப்பாடிச் சர்க்கரை இந்தத் தடவை நல்ல நிறம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சரி, அதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். உன் பிள்ளையைப் பற்றிப் போனில் கேட்டால் "நல்லாத்தாம்மா இருக்கான், படிக்கறான்" என்று வைத்துவிடுகிறாய். அவன் பக்கத்திலேயே இருப்பானோ என்னவோ. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் வரைக்கும் தடப்பள்ளி வாய்க்காலில் இறங்கினால் ஏற மாட்டான். அப்பிச்சி குச்சியோடு போனால்தான் வீட்டுக்கு வருவான். இந்த வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். கழற்றச் சொன்னதற்கு "விடுங்க அம்மிச்சி" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டான். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு நெய் போதவில்லை என்று சண்டை போடுகிற பிள்ளை, தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தான். ராத்திரி நான் எப்போது எழுந்தாலும் திண்ணையில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தான். கையில் செல்போன்கூட இல்லை, அதுதான் எனக்கு உறுத்தியது.

மாப்பிள்ளை "வயசுத் திமிருங்க அத்தை, பத்தாவது போனா அடங்கிருவான்" என்றார். அவர் தங்கமானவர், குறை சொல்லவில்லை. ஆனால் இது திமிர் இல்லை கண்ணு. பெரியவர்களுக்கு மனச்சோர்வு என்றால் அழுவார்கள், ஒடுங்கிப்போவார்கள். இந்த வயசில் அதுவே எரிச்சலாகவும் கோபமாகவும் வெளியே வரும். வீட்டில் இருப்பவர்கள் ஏமாந்துபோவது அங்கேதான். பள்ளிக்கூட நாளில் மட்டும் வரும் வயிற்றுவலி, கூட்டாளிகளை ஒதுக்குவது, தூக்கம் தலைகீழாவது, பிடித்ததையெல்லாம் கைவிடுவது எல்லாம் அதில் சேர்ந்தவைதான். ஒருநாள் இரண்டுநாள் எந்தப் பிள்ளைக்கும் இருக்கும். 2 வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். நம் பிள்ளைக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது.

நர்சாக வீடு வீடாகப் போனவள் நான். காய்ச்சல் என்றால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். பேச்சை விட்ட பிள்ளையை மட்டும் கோடாங்கியிடம் கூட்டிப்போவார்கள், கயிறு கட்டுவார்கள், ஒரு வருஷம் போய்விடும். உங்க சின்ன மாமன் விஷயம் உனக்கே தெரியும், அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. 10 முதல் 19 வயசுப் பிள்ளைகளில் 7 பேரில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் உன் வளர்ப்பில் என்ன குறை? வேலைக்குப் போகிறாய் என்று எவளாவது வாய் வைத்தால் என்னிடம் பேசச் சொல். நீ இரண்டையும் பார்க்கிற நேர்த்தி இந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. ஆனாலும் இத்தனை நாள் என்னிடமே மறைத்தாயே, நான் என்ன வேற்றாளா?

திட்டாதே. மாப்பிள்ளையையும் திட்ட விடாதே. தனியாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார். கீறல் இருந்தால் அலறாதே. "செத்துப்போலாம்னு தோணுதா சாமி?" என்று நேராகவே கேள். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோம் என்று பயப்படாதே, அப்படி ஆகாது. சொல்வதற்கு ஆள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஆமாம் என்றால் ஒரு நிமிஷம் தனியே விடாதே, மாத்திரை டப்பாவை எடுத்து மறைத்துவை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

உங்க பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. பிள்ளைகளுக்கென்றே அங்கே தனித் துறை உண்டு. முதலில் போனில் பேச வேண்டுமானால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 14416. 2022-இல் மத்திய அரசு தொடங்கியது. எந்நேரமும் எடுப்பார்கள், காசில்லை, தமிழிலும் பேசலாம். டாக்டரிடம் போனாலே மாத்திரை என்று நினைக்காதே. பேச்சு வைத்தியமே போதுமானதாக இருக்கலாம். தைராய்டு மாதிரி உடம்புக் கோளாறு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஒறம்பரைக்கு, சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்றும் யோசிக்காதே. நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-இல் வந்த மனநலச் சட்டமே சொல்கிறது.

உனக்கு லீவு கிடைக்காவிட்டால் சொல், நான் பஸ் ஏறி வந்து கூட்டிப்போகிறேன். அப்பா சோறு ஆக்கிக்கொள்வார். மாப்பிள்ளையிடம் எடுத்துச் சொல்ல உனக்குச் சங்கடமாக இருந்தால் அதையும் நானே பேசுகிறேன், என் பேச்சைத் தட்ட மாட்டார். அவனைத் திட்டாதே. கையைப் பார்த்துவிட்டு, எத்தனை மணி ஆனாலும் போன் போடு.

அம்மா