துவக்கைத் திருப்பிக் கொடுக்கும் முன் அவளைத் தனியாகக் கேளுங்கள்

மலையக மாவட்டங்களில் சுடுகலன் அனுமதிப்பத்திரம் பார்க்கும் உத்தியோகத்தர்களுக்கும், அவர்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கும் பொலிஸ் பொறுப்பதிகாரிகளுக்கும்,

வணக்கம். மனைவியை அடித்தார், மிரட்டினார் என்ற முறைப்பாட்டால் துவக்கு லைசன்ஸ் ரத்தான ஒருவர் மறுபடி பரிசீலிக்கச் சொல்லி மனுக் கொடுத்தால் நீங்கள் எதையெல்லாம் பார்க்கிறீர்கள் என்பது பற்றித்தான் இந்த மடல். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மனு இப்போது கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கிடக்கிறது. யார், எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அடி வாங்கப் போவது அவள்தான். மனுவோடு என்னென்ன போயிருக்கிறது என்பது மட்டும் ஊருக்கே தெரியும். கோயில் கமிட்டியின் கடிதம், தலைவர் ஒருவரின் கடிதம், காட்டுப்பன்றி உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிப் போட்ட படங்கள், அப்புறம் "நாங்கள் சமாதானமாகிவிட்டோம், எனக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லை" என்று அவள் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். அந்தத் தாள் சிங்களத்தில் இருக்கிறது. அவளுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது.

ரத்துச் செய்ததை மறுபரிசீலனை செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பயிர் பாதுகாக்கக் கொடுத்த துவக்கு போனால் ஒரு விவசாயிக்கு எவ்வளவு நட்டம் என்று எங்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை, பன்றியும் முள்ளம்பன்றியும் ஒரே இரவில் ஒரு போகத்தையே முடித்துவிட்டுப் போவதைப் பார்த்தவர்கள்தான் நாங்கள். அவர் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிற கேள்வி சரியாக இருக்க வேண்டும். "வழக்கு இருக்கிறதா, தண்டனை ஏதும் கிடைத்ததா" என்று மட்டும் பார்த்துவிட்டு, இல்லை என்றால் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுப்பது தவறு. தண்டிக்கிற இடம் நீதிமன்றம். உங்கள் மேசையில் இருப்பது அந்த வீட்டுக்குள் ஒரு துவக்கு போனால் அங்கே இருக்கிறவர்களுக்கு ஆபத்தா என்ற கேள்வி. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி லைசன்ஸை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது என்றால், அது ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான் என்ற சொத்து இல்லை. 2024 நவம்பரில் தனிப்பட்ட பாதுகாப்புக்குக் கொடுத்த துவக்குகளையெல்லாம் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி பாதுகாப்பு அமைச்சே பரிசீலித்ததே.

துவக்கால் ஒரு பெண்ணைப் பயமுறுத்த அதைச் சுடத்தான் வேண்டும் என்றில்லை. தோட்டத்து வரிசை வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பரா, அந்த ஒரே அறையிலேதான் அடுப்பு, பாய், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம். அதற்குள் சம்பள நாள் அன்று குடித்துவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் துவக்கை எடுத்துத் துடைத்து, பிள்ளைகள் பார்க்கத் தோட்டா போட்டு எடுத்தால் அங்கே என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரியும், பிள்ளைகளுக்கும் புரியும். காயம் இல்லை, ஆஸ்பத்திரித் துண்டு இல்லை, சாட்சிக்கு ஒருவரும் வர மாட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் சுவர் வழியே எல்லாம் கேட்கும், ஆனாலும் "புருஷன் பெண்சாதி விஷயம்" என்று படலையைச் சாத்திக்கொள்வார்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மனரீதியான துன்புறுத்தலையும் வன்முறை என்றுதான் சொல்கிறது. உங்கள் கோப்பில் அதற்கு இடம் இருக்கிறதா?

அதே சட்டத்தில் நீதவான் கொடுக்கும் பாதுகாப்புக் கட்டளைக்கு ஆகக் கூடியது 12 மாதம்தான் ஆயுள். அது முடிந்ததும் "இப்போது கட்டளை ஒன்றும் இல்லை" என்று மனுவில் எழுதுகிறார்கள். தேதி முடிந்ததற்கும் ஆள் மாறியதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். முறைப்பாட்டை அவள் வாபஸ் வாங்கினாள் என்பதும் அப்படித்தான். பொலிசுக்குப் போய்வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், பஸ் காசு போகும், இருப்பது அவர் பெயரில் உள்ள காம்பரா, மாமியார் ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம் என்று சொல்லிச் சொல்லியே வாங்க வைப்பார்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் செய்த ஆய்வில், கணவனோ துணையோ இருந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவர்களிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகத் தெரியவந்தது. அவர்களில் எத்தனை பேர் உங்கள் படலை வரை வருகிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தூரத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 2020இல் பூங்காவில் இரண்டு இளையவர்களைத் தாக்கிய ஒருவனிடமிருந்து துவக்கையும் லைசன்ஸையும் பொலிசார் எடுத்தார்கள். 2021 ஜூலையில் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி அவன் முதலில் தன் தாயைச் சுட்டான், பிறகு தெருவில் மூன்று வயதுக் குழந்தை உட்பட நான்கு பேரை. பொலிசாரின் லைசன்ஸ் பிரிவு செய்த பெரிய தவறுகளை மரண விசாரணை பின்னர் சுட்டிக்காட்டியது. துவக்கைக் கையில் கொடுத்ததற்கும் ஐந்து உயிர் போனதற்கும் இடையே சில வாரங்கள்தான்.

கனடாவில் ஒருவர் துவக்கு லைசன்ஸ் கேட்டால் அவருடைய மனைவிக்கு, அண்மையில் பிரிந்தவராக இருந்தாலும் அவருக்கு, அது தெரிய வரும்படி விதி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் அது வேண்டும், ஆனால் அதை அப்படியே எடுத்து அவளிடம் ஒரு சம்மதக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று ஆக்கிவிடாதீர்கள். துவக்கு வருவதும் வராததும் அவள் கையெழுத்தில் இருக்கிறது என்று ஆனால், அந்தக் கையெழுத்துக்காகவே அவளைப் போட்டு நெரிப்பார்கள். அவளைக் கேளுங்கள், முடிவை உங்கள் முடிவாக எழுதுங்கள். "மனைவி மறுத்ததால்" என்ற வரி எந்தக் கடிதத்திலும் வரக் கூடாது.

அவளைப் புருஷனோடு கூட்டிவந்து நிறுத்தி "இப்போது பிரச்சினை இல்லையே அம்மா" என்று கேட்காதீர்கள், யாராக இருந்தாலும் தலையாட்டத்தான் செய்வார்கள். தனியாக, தமிழில், ஒரு பெண் உத்தியோகத்தர் கேட்கட்டும். வீட்டுக்குப் போக வேண்டாம், லயனில் ஜீப் வந்து நின்றால் அந்த இரவே விசாரணை வேறு மாதிரி நடக்கும். பழைய முறைப்பாட்டுப் புத்தகத்தைப் பாருங்கள், தோட்டத்து மருத்துவமாதுவிடம் பேசுங்கள், அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. சமாதானத் தாள் எந்த மொழியில் இருக்கிறது, யார் எழுதினார்கள், அவளுக்கு வாசித்துக் காட்டினார்களா என்று விசாரியுங்கள். அப்படியும் கொடுப்பதென்று முடிவானால், துவக்கு வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் அவளுக்குச் சொல்லுங்கள், பெண்கள் உதவி கேட்டு அழைக்கும் 1938 என்ற தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள். பன்றிக்கு வேறு வழி பார்க்கலாம். ரத்தில்லாத லைசன்ஸ் உள்ளவர்கள் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறார்கள், கம்பி வேலிக்கு உதவி கேட்டு நாங்களே அவரோடு கமநல சேவை நிலையத்துக்கு வருகிறோம்.

எங்கள் பக்கத்து மனுவை எடுக்கும்போது அவளை எப்படிக் கூப்பிடுவது என்று யோசிக்க வேண்டாம். மாதர் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினால் போதும். கிளினிக் போகிற நாளில், யாருக்கும் சந்தேகம் வராமல் டவுனுக்குக் கூட்டிவருகிறோம். பஸ் காசையும் அன்றைய பேரையும் சங்கத்தில் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டத்து மாதர் சங்க உறுப்பினர் ஒருத்தி,
பதுளை மாவட்டம்