உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிகிற ஜன்னல்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுத முடியாததற்குக் காரணம் கண். இடது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே. வலது கண் இன்னும் பாக்கி.

இதில் ஒரு அதிசயம் கண்டேன். இடது கண்ணால் மட்டும் பார்த்தால் எங்கள் சுவர் பளிச்சென்று வெள்ளை, கொஞ்சம் நீலம் கலந்தாற்போல. வலது கண்ணால் பார்த்தால் அதே சுவர் பழைய காகித மஞ்சள். புரை விழுந்த லென்ஸ் நீல ஒளியை உள்ளே விடாமல் பிடித்துக்கொள்கிறதாம். தினம் காலையில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில்தான் ஜன்னல் சட்டத்துக்கு என்ன நிறம் என்று நீ கேட்டிருக்கிறாய். எனக்கு நிறத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லாத வாரம் இது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

உனக்குக் கருஞ்சாம்பல் வேண்டும், தங்கச்சிக்கு வெள்ளை வேண்டும். சரி. நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றுவிடாமல் அத்தனையும் வீட்டுக்கு வெளியே நின்று எடுத்தவை. நீ எத்தனை நேரம் உன் வீட்டு எதிரே நின்று ஜன்னலைப் பார்க்கப்போகிறாய்? அந்த ஜன்னலோடு நீங்கள் வாழப்போவது உள்ளே இருந்துதான். நாம் சேர்ந்து தங்கியிருந்த அறை ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பச்சை ஜன்னலின் உட்பக்கம் எங்கெங்கே பெயிண்ட் உரிந்திருந்தது என்று இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். அதன் வெளிப்பக்கம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பகலில் வெளியிலிருந்து பார்க்கும்போது கண்ணாடி இருட்டாகத்தான் தெரியும். கருஞ்சட்டம் அந்த இருட்டோடு சேர்ந்துகொள்வதால் ஜன்னல் முழுவதும் ஒரே பரப்பாக, பெரிதாகத் தெரிகிறது. உனக்குப் பிடித்தது அதுதான். உள்ளே வந்தால் கதை தலைகீழ். வெளிச்சம் சட்டத்துக்குப் பின்னாலிருந்து வருகிறது. அப்போது வெள்ளைச் சட்டமே சாம்பலாகத்தான் தெரியும். கருஞ்சட்டமோ கன்னங்கரிய கோடாகிவிடும். பளீரென்ற வானம், பக்கத்திலேயே கருப்பு என்று கண் மாறி மாறித் தாவவேண்டியிருக்கும். வெளிர்நிறம் என்றால் வெளிச்சத்துக்கும் அறைச் சுவருக்கும் நடுவே ஒரு படி மாதிரி நிற்கும். ஆனால் தோட்டத்துப் பக்க ஜன்னலில் வானம் குறைவு, இலைதான் அதிகம். அங்கே கருஞ்சட்டம் இலையின் நிழலோடு கலந்து கண்ணுக்குப் படாமல் போய்விடும், வெள்ளைதான் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த ஒரு பக்கத்தில் உன் கட்சிக்கு முழு நியாயம் உண்டு.

இன்னொன்று, வெயில். நீ யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். சூட்டில் அது அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு நீளும். 2 மீட்டர் நீளச் சட்டம் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அலுமினியம் 2 மில்லிமீட்டரைத் தொடாது. கருஞ்சாம்பல் வெயிலை அதிகம் குடிக்கும், மேற்கு ஜன்னலில் மாலை வரை குடித்துக்கொண்டே இருக்கும். சட்டம் வளைந்தால் கதவு உரசும், தாழ்ப்பாள் விழாது. அதனால் அந்த நிறத்துக்கென்றே செய்த சட்டமா, உள்ளே இரும்பு வைத்திருக்கிறார்களா என்று கேட்காமல் ஆர்டர் கொடுக்காதே.

முந்தைய வீட்டில் நான் பட்டது இதுதான். மர ஜன்னல்களுக்கு அடர்காப்பி நிறம் அடித்தோம். மற்ற மூன்று பக்கமும் நன்றாக இருந்தன. மேற்கே மட்டும் இரண்டே கோடையில் மூட்டுகள் விட்டன, மரக்கணுக்களிலிருந்து பிசின் கசிந்து பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வந்தது. சுரண்டி, ப்ரைமர் போட்டு, வெளிர்மணல் நிறம் அடித்த பிறகு அந்தத் தொல்லை வரவே இல்லை.

அப்புறம், சுவர் நிறத்தோடு பொருத்திப் பார்க்காதே. சுவரை நாளைக்கே மாற்றலாம். கூரை ஓடுகளையும் முகப்புக் கல்லையும் மாற்ற மாட்டாய், அவற்றோடு பொருத்து. உன் கூரை செம்மண் நிறம். அதன் பக்கத்தில் நடுநிலைச் சாம்பல் வைத்தால் லேசாகப் பச்சையோ நீலமோ ஓடுகிறாற்போலத் தெரியும். பக்கத்து நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் இந்த வித்தையை 1839லேயே செவ்ருல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விரிவாக எழுதிவைத்தார். பாரிஸில் சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைகள் நெய்யும் கோப்லான் கூடத்தில் சாயப் பொறுப்பு அவருடையது. சாயம் சரியில்லை என்று வந்த புகார்களை ஆராய்ந்தவர், பழி பக்கத்து நூலின் நிறத்தின் மேல் என்று கண்டுபிடித்தார். எனவே சாம்பல்தான் என்றால் கொஞ்சம் பழுப்பு சேர்ந்த சாம்பலாக எடு.

தங்கச்சியிடமும் ஒன்று சொல். ‘வெள்ளை’ என்று சொன்னால் போதாது. நிறங்களுக்கு எண் கொடுத்திருக்கும் ரால் (RAL) அட்டையில் 9016 குளிர்ந்த பளீர் வெள்ளை, 9010 கொஞ்சம் இதமானது, 9001 பாலாடை நிறம். என் இரண்டு கண்ணுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் போலத்தான். பெயரை நம்பாமல் எண்ணை எழுதி வாங்கச் சொல். கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை, இடுக்கை அடைக்கிற சிலிகோன் பசை, கைப்பிடி என்ன நிறம் என்பதையும் அதே சீட்டில் எழுத வேண்டும். வெள்ளைச் சட்டத்தில் கருப்பு ரப்பர் வந்தால் கண்ணாடியைச் சுற்றி மை தீட்டினாற்போல ஆகிவிடும்.

என்னைக் கேட்டால் வெளியே பழுப்புச் சாம்பல், உள்ளே 9010. ஒரே சட்டத்துக்கு இரு பக்கமும் வேறு வேறு நிறத்தில் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். செலவு கூடும், ஆனாலும் செய்யலாம் என்பேன். மேற்கே மட்டும் வெளிப்பக்கமும் வெளிராகவே இருக்கட்டும். அது தெருவுக்குத் தெரியாத பக்கம்தானே.

ஆனால் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டத்தின் அகலத்துக்கு அட்டைப் பட்டைகள் வெட்டி, நிறம் அடித்து, இப்போதிருக்கிற ஜன்னலில் நாலு பக்கமும் ஒட்டு. உள்ளே நீ வழக்கமாக உட்கார்கிற நாற்காலியிலிருந்து காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் பார். விளக்கு போட்ட பிறகும் ஒரு தரம் பார். தங்கச்சியையும் அவள் உட்கார்கிற இடத்திலிருந்து பார்க்கச் சொல்.

அடுத்த மாதம் என் வலது கண்ணுக்கும் ஆகிவிடும். அந்தப் பட்டைகளை அதுவரை கழற்றாமல் வை, நானும் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்