கார்டனின் பதிலையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த டார்டனெல்ஸ் கடற்போர்க் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். துருக்கியின் அந்த நீரிணைக்குள் 1915-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் நுழையப் பார்த்துத் தோற்ற கதையைத் தமிழில் இவ்வளவு விரிவாகப் பார்த்ததில் சந்தோஷம். ஆனால் முழுப் பழியையும் சர்ச்சில் ஒருவர் தலையில் கட்டிவிட்டுக் கட்டுரை முடிந்துவிட்டது. அவர் அங்கிருந்த அட்மிரல் கார்டனுக்கு அனுப்பிய முதல் தந்தியிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதற்கு வந்த பதிலைக் காணோம். அந்தப் பதிலுக்குப் போன மறுபதிலையும் காணோம். எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன் நான். கோப்பின் நடுவிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவிப் படித்தால் யார் என்ன செய்தார்கள் என்பது விளங்காது.

1915 ஜனவரி 2 அன்று ரஷ்யாவின் வேண்டுகோள் லண்டனுக்கு வந்து சேர்கிறது. காகசஸில் துருக்கியர் நெருக்குகிறார்கள், அவர்கள் கவனத்தை வேறு பக்கம் திருப்ப ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டவர் ரஷ்யப் படைத் தலைவர் கிராண்ட் டியூக் நிக்கோலஸ். போர் அமைச்சர் கிச்சனர் அன்றே சர்ச்சிலுக்கு எழுதினார்: எங்கேயும் கொண்டுபோய் இறக்க நம்மிடம் படை இல்லை; ஒரு மிரட்டல் காட்டினால் கொஞ்சமாவது பலன் தரக்கூடிய இடம் டார்டனெல்ஸ் மட்டும்தான். இந்தக் கிச்சனர் நமக்கு அந்நியரல்ல. குன்னூரை அடுத்த வெலிங்டனில் இன்று முப்படை அதிகாரிகளும் படிக்கும் பணியாளர் கல்லூரிக்கு மூலம் 1905-ல் தேவ்லாலியில் அவர் தொடங்கியது. பிறகு அது குவெட்டாவுக்குப் போய், பிரிவினைக்குப் பின் நம் நீலகிரி மலைக்கு வந்தது.

மறுநாள் கடற்படை அமைச்சரான சர்ச்சில், அந்தப் பகுதிக் கப்பல்களின் தலைவர் அட்மிரல் கார்டனுக்குத் தந்தி அடிக்கிறார். 'கப்பல்களை மட்டும் கொண்டு டார்டனெல்ஸை உடைத்துச் செல்வது நடக்கக்கூடிய காரியம் என்று கருதுகிறீர்களா?' என்பது கேள்வி. பழைய போர்க்கப்பல்கள்தான் போகும் என்று ஒரு விளக்கம். அப்புறம், கிடைக்கப்போகும் பலனின் முக்கியத்துவம் பெரும் இழப்பையும் நியாயப்படுத்தும் என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியைத்தான் உங்கள் கட்டுரை எடுத்துப் போட்டது.

கேள்வி கேட்ட விதத்தைப் பாருங்கள். தரைப்படை வேண்டுமா, வேண்டாமா என்று கார்டனை யாரும் கேட்கவில்லை. 'கப்பல்களை மட்டும்' என்று எல்லையைப் போட்டாகிவிட்டது. இழப்புக்கு அனுமதியும் முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது. அமைச்சரே நேரில் கேட்கும்போது, 'முடியாது' என்று ஒற்றை வரியில் எழுத எத்தனை பேருக்குக் கை வரும்?

ஜனவரி 5-ல் கார்டனின் பதில்: டார்டனெல்ஸைப் பாய்ந்து பிடித்துவிட முடியும் என்று நான் கருதவில்லை, நிறையக் கப்பல்களுடன் நீண்ட நாள் நடவடிக்கை எடுத்தால் உடைத்துச் செல்லக்கூடும். மொத்தமே இரண்டு வாக்கியம். முதல் வாக்கியம் மறுப்பு. இரண்டாவது, 'கூடும்' என்று இழுத்து நிற்கும் ஒரு வாய்ப்பு. ஜனவரி 6-ல் சர்ச்சிலின் மறுபதில் போகிறது: உங்கள் கருத்தை இங்குள்ள உயர் அதிகாரிகள் ஏற்கிறார்கள், என்ன படை வேண்டும், எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்று விவரமாக அனுப்புங்கள். மூன்றே நாளில் 'கூடும்' என்பது கார்டனின் 'கருத்து' ஆகிவிட்டது. அந்த உயர் அதிகாரிகளில் தலைமை அட்மிரல் ஃபிஷரும் இருப்பார் என்றே கார்டன் நினைத்துக்கொண்டார். ஃபிஷர் அதில் இல்லை.

என் பணிக்காலத்தில் ஒரு மழைக்காலம் நினைவுக்கு வருகிறது. மலைப்பாதை ஒன்றில் மண் சரிந்து போக்குவரத்து நின்றிருந்தது. 'இருக்கிற ஆட்களை மட்டும் வைத்து வாரக் கடைசிக்குள் பாதையைத் திறந்துவிட முடியுமா?' என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். களத்தில் நின்ற பொறியாளர், 'மழை விட்டால், கூடுதலாக இயந்திரம் வந்தால், முயலலாம்' என்று எழுதி அனுப்பினார். அது குறிப்புக் கோப்பில் ஒரு மேசை ஏறியபோது மழை காணாமல் போனது. அடுத்த மேசையில் இயந்திரம் போனது. கடைசியில், 'வாரக் கடைசிக்குள் திறக்கப்படும்' என்று செய்திக்குறிப்பு வெளியானது. சனிக்கிழமை மறுபடியும் மண் சரிந்தது. திட்டு வாங்கியவர் பொறியாளர்தான். யாரும் பொய் எழுதவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருந்தவருக்குப் பிடிக்காத ஒரு துண்டை வெட்டினார்கள், அவ்வளவுதான். கார்டனின் தந்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பொறியாளரின் முகம்தான் எனக்குத் தெரிகிறது.

ஜனவரி 11-ல் கார்டன் நான்கு கட்டத் திட்டம் அனுப்பினார். முதலில் நுழைவாயில் கோட்டைகள், அடுத்து நீரிணைக்குள் இருக்கும் கெபஸ் முனை வரை உள்பகுதி, பிறகு குறுகலான இடத்துக் கோட்டைகள், கடைசியாகக் கண்ணிவெடிகளை வாரிவிட்டு மர்மரா கடலுக்குள் நுழைவது. பகைவரின் மன உறுதியையும் வானிலையையும் பொறுத்தது, எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்தில் முடியலாம் என்றும் எழுதினார். நான்காவது கட்டத்தைக் கவனியுங்கள். கரையில் பீரங்கிகள் உயிரோடிருக்கும்வரை கண்ணிவெடியை வார முடியாது. கண்ணிவெடி கிடக்கும்வரை பெரிய கப்பல் நெருங்கிப் போய் அந்தப் பீரங்கிகளை அழிக்க முடியாது. கரையில் கால் வைக்க ஆள் இல்லாமல் இந்த முடிச்சு எப்படி அவிழும்? ஜனவரி 13-ல் லண்டனில் கூடிய அமைச்சர்களின் போர்க்குழு, நீரிணையின் ஒரு கரையான கலிப்போலித் தீபகற்பத்தைக் குண்டு வீசிக் கைப்பற்றவும், துருக்கியின் அன்றைய தலைநகர் கான்ஸ்டாண்டினோபிளை இலக்காக வைக்கவும் கடற்படை பிப்ரவரியில் புறப்பட ஆயத்தமாகட்டும் என்று முடிவு எழுதியது. ஒரு தீபகற்பத்தைக் கப்பல்கள் எப்படிக் 'கைப்பற்றும்' என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை.

ஃபிஷரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜனவரி 3-ல் அவரே சர்ச்சிலுக்கு ஒரு கடிதம் எழுதி, துருக்கியைத் தாக்குவதை ஆதரித்திருந்தார். ஆனால் அவர் கேட்டது 75,000 வீரர்களோடு, கிரேக்கர்களையும் பல்கேரியர்களையும் சேர்த்துக்கொண்டு, உடனே செய்யும் தாக்குதல். அந்த நீண்ட கடிதத்திலிருந்து நிலைத்தது பழைய கப்பல்கள் மட்டும்தான். பிறகு அவருக்கு இந்தத் திட்டம் பிடிக்காமல் போயிற்று. ஜனவரி 28 கூட்டத்தில் மேசையை விட்டு எழுந்தே போனார். கிச்சனர் ஜன்னலோரம் பேசித் திரும்ப உட்கார வைத்தார். அவருடைய எதிர்ப்பு தனிக் கடிதங்களில் இருக்கிறது. போர்க்குழுவில் அவர் வாய் திறந்து மறுக்கவில்லை. நிபுணர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அமைச்சர்கள் எடுத்துக்கொண்டார்கள். கேட்டால் மட்டும் பேசுவது கடமை என்று நிபுணர்கள் இருந்துவிட்டார்கள். என் கணக்கில், சர்ச்சிலின் அவசரத்தைவிடப் பெரிய குற்றம் இது.

அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் கட்டுரையே சொல்லிவிட்டது. பிப்ரவரி 19-ல் குண்டுவீச்சு தொடங்கியது. மார்ச் 11-ல் சர்ச்சிலிடமிருந்து அவசரப்படுத்தும் தந்தி. 16-ல் கார்டன் உடல்நலம் கெட்டுப் பொறுப்பை விட்டார். அவர் இடத்துக்கு டி ரோபெக் வந்தார். 18-ல் பூவே, இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் ஆகிய மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின. நுஸ்ரெத் என்ற சிறு துருக்கியக் கப்பல் பத்து நாள் முன்னதாக எரென்கோய் விரிகுடாவில் இட்டுவைத்த கண்ணிவெடிகள் அங்கே காத்துக்கிடந்தன. பூவே மூழ்கச் சில நிமிடங்களே பிடித்தன. 600க்கும் மேற்பட்டோர் அதோடு போனார்கள். ஏப்ரல் 25-ல், இல்லை என்று சொன்ன அதே தரைப்படை கரையிறங்கியது. அதற்குள் துருக்கியருக்கு ஆயத்தமாக நேரம் கிடைத்துவிட்டது. எட்டு மாதத்துக்குப் பின் பின்வாங்கியபோது, இரு தரப்பிலும் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை, குன்னூரில் இருப்பவருக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனை நவம்பரில் முடக்கியது சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல். அது அப்போது காவலாகப் போய்க்கொண்டிருந்தது ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கு. அந்த வீரர்கள்தான் எகிப்து வழியாகக் கலிப்போலியில் இறங்கினார்கள். அங்கே இந்திய மலைப் பீரங்கிப் படையும் சீக்கியரும் கூர்க்காக்களும் இருந்தார்கள். கோவேறு கழுதைகளில் தண்ணீரும் குண்டும் சுமந்துபோன இந்திய ஓட்டுநர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

என் கோரிக்கை இதுதான். 1916-ல் அமைத்த டார்டனெல்ஸ் விசாரணைக் குழு இந்தத் தந்திகளையெல்லாம் எடுத்து வைத்துத்தான் சாட்சிகளைக் கேட்டது. அதன் முதல் அறிக்கை போர் நடந்துகொண்டிருந்த 1917-லேயே அச்சில் வந்துவிட்டது. கிச்சனரின் ஜனவரி 2 கடிதம் முதல் ஜனவரி 13 முடிவு வரைக்குமான கடிதங்களையும் தந்திகளையும் தேதி வரிசைப்படி, எதையும் சுருக்காமல், நல்ல தமிழில் தொடராக வெளியிடுங்கள். விளக்கவுரை குறைவாக இருந்தால் போதும். வாசகர்கள் படித்துத் தாங்களே முடிவுக்கு வரட்டும். இந்த மலையில் ராணுவத்திலிருந்தும் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கப்பல், பீரங்கிச் சொற்களைச் சரிபார்க்க அவர்களில் யாரைக் கேட்டாலும் ஆசையாக உதவுவார்கள். தொடரின் முதல் பக்கத்தில் நீரிணையின் வரைபடம் ஒன்றையும் போடுங்கள். கெபஸ் எங்கே, எரென்கோய் எங்கே என்று தெரியாமல் கார்டனின் நான்கு கட்டங்களைப் பின்தொடர்வது கஷ்டம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.