ஒரு கோட்டுக்குப் பதில் வேறு கோடு வைக்க வழி கொடுங்கள்: படம் வரையும் மென்பொருள் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நான் ஆம்பூரில் ஷூ அப்பருக்கு, அதாவது ஷூவின் மேல்பகுதிக்கு, பேட்டர்ன் (வெட்டுவதற்கான வடிவப் படம்) வரைகிறவன். அளவும் கன்ஸ்ட்ரெயின்ட்டும் (ஒரு கோடு இன்னொன்றோடு எப்படிப் பொருந்தி நிற்க வேண்டும் என்ற கட்டு) கொடுத்து 2டியில் வரையும் உங்கள் மென்பொருளில்தான் காலையிலிருந்து இரவு வரை வேலை. நான் கேட்பது உங்களுக்குப் புதிதல்ல. பலர் முன்பே கேட்டுவிட்டார்கள். ஒரு கோட்டின் இடத்தில் வேறொரு கோட்டை வைத்தால், பழையதை நம்பியிருந்த அத்தனையும் புதியதற்கு மாற வேண்டும்.

போன வாரம் ஷூ வாங்கும் பையர் லாஸ்ட்டை (ஷூவுக்கான கால் வடிவ அச்சு) மாற்றிவிட்டார். குதிகால் பக்கம் நேராக இருந்த கன்ஸ்ட்ரக்ஷன் லைன் (மற்றவற்றை வரைய உதவும் துணைக்கோடு) இனி வளைவாக வர வேண்டும். ஒரே ஒரு கோடுதான். ஆனால் குவார்ட்டரின் (அப்பரின் பின்பக்கத் துண்டு) உயரம், டாப்லைன் (கால் நுழையும் வாயின் விளிம்பு), ஐலெட் (லேஸ் துளை) வரிசை, தையல் மார்ஜின் எல்லாமே அதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதை அழித்ததும் அதில் கட்டியிருந்த அளவுகளும் கன்ஸ்ட்ரெயின்ட்களும் கூடவே போய்விட்டன. எவை போயின என்று ஒரு பட்டியல்கூட வரவில்லை. பழைய பிரிண்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.

இதில் கொடுமை என்னவென்றால், கட்டு அறுந்தாலும் படம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஐலெட் புள்ளி இருந்த இடத்திலேயே நிற்கும். வரைந்த சைஸில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கிரேடிங் போட்டால்தான், அதாவது அதே பேட்டர்னை மற்ற சைஸ்களுக்கு மாற்றினால்தான், வினை. சைஸுக்கு ஒரு பாரிஸ் பாயின்ட், அதாவது சுமார் 6.67 மில்லிமீட்டர், லாஸ்ட் நீள நீள விளிம்பு நகர்கிறது; ஐலெட் நகர மறுக்கிறது. பெரிய சைஸுக்கு டை (தோலை வெட்டும் கத்தி அச்சு) செய்து, தோலையும் வெட்டிய பிறகு கிளிக்கிங்கில் (தோல் வெட்டும் பிரிவு) இருந்தவர்தான் கண்டுபிடித்தார். வீணான தோலுக்கு யார் பதில் சொல்வது?

2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்து எங்கள் ஊரைத் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்த்தார்கள். அதற்காக எங்கள் வீட்டுப் பட்டா செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் மென்பொருளோ கோடு மாறினால் எல்லா உறவையும் ரத்து செய்துவிடுகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் உள்ளே ஓர் எண் இருக்கிறது, மற்றவை அந்த எண்ணைத்தான் பார்க்கின்றன என்பது எங்களுக்கும் தெரியும். அந்த எண்ணைப் புதிய கோட்டுக்குக் கொடுக்க ஒரு கட்டளை போதும். எந்த முனைக்கு எந்த முனை என்று எங்களைக் கேளுங்கள், கிளிக் செய்து சொல்கிறோம். நேர்கோடு வளைவானால் இணைகோட்டுக் கன்ஸ்ட்ரெயின்ட் பொருந்தாதுதான்; அதைச் சிவப்பில் காட்டி எங்களிடம் விடுங்கள், சத்தமில்லாமல் அழிக்காதீர்கள்.

கோடுகளுக்குள் கன்ஸ்ட்ரெயின்ட் வைப்பதை ஐவன் சதர்லேண்ட் 1963லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்கெட்ச்பேட் என்ற வரைதல் மென்பொருளில் செய்து காட்டிவிட்டார். இத்தனை காலம் கழித்தும் ஒரு கோட்டை மாற்ற நாங்கள் படத்தையே பிரித்துப் போட வேண்டுமா? வருடா வருடம் சந்தா ஏறுகிறது. புதிய பதிப்பு வந்தால் ஐகான்கள் இடம் மாறியிருக்கின்றன, பழகிய கை தடுமாறுகிறது. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று தோலை நம்பிப் பிழைக்கும் இந்த வட்டாரத்தில் உட்கார்ந்து வரைகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா?

சரி, கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை ஒன்றுதான்: கட்டுகள் அறுபடாமல் கோட்டை மாற்றும் கட்டளையை அடுத்த பதிப்பிலேயே கொடுங்கள். அதற்கு நாளாகும் என்றால், அழிக்கும் முன் எவையெல்லாம் போகும் என்ற பட்டியலையாவது முதலில் காட்டுங்கள். சோதித்துப் பார்க்க எங்கள் பேட்டர்ன் ஃபைல்கள் வேண்டுமென்றால் அனுப்பத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆம்பூரிலிருந்து ஒரு பேட்டர்ன் வரைவாளர்