‘கிரியேட்டிவ் வினா’ என்று எதைச் சொல்கிறோம்? கணிதப் பாடநூல் குழுவினருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கும், பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாள் அமைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்துவரும் ஆசிரியை நான். நாம் எல்லோரும் அன்றாடம் புழங்கும் ஒரே ஒரு சொல்லைப் பற்றி உங்களோடு பேச விரும்பி இம்மடலை எழுதுகிறேன். ஆசிரியர் அறையிலும் தனிப்பயிற்சி வகுப்பிலும் ‘கிரியேட்டிவ் வினா’ என்று சொல்கிறோமே, அதற்கு இன்று என்ன பொருள்? பாடநூலின் எடுத்துக்காட்டிலோ பயிற்சியிலோ இல்லாத கணக்கு என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. தேர்வுத் தாளின் 28-ஆம், 42-ஆம் கட்டாய வினாக்கள் அவ்வகையாக இருக்கும் என்று மாணவர்கள் அஞ்சிக்கொண்டே வருகிறார்கள். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் அதே வினாக்கள் வழிகாட்டி நூல்களில் ‘கிரியேட்டிவ் வினாக்கள்’ என்ற தலைப்பின்கீழ், படிப்படியான விடைகளோடு அச்சாகிவிடுகின்றன. குழந்தைகள் அவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். படைப்பாற்றலை உருப்போட்டுக்கொண்டு தேர்வறைக்கு வரும் தலைமுறையை நாம்தான் உருவாக்கியிருக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

என் வாதம் இதுதான்: ஒரு வினா படைப்பாற்றலைக் கோருகிறதா என்பதை அது புத்தகத்தில் இருக்கிறதா இல்லையா என்பது தீர்மானிப்பதில்லை; அதை அணுகுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் திறந்திருக்கின்றனவா, அந்த வழிகளைத் தேடுவதற்கு மாணவருக்கு நேரமும் மதிப்பும் கிடைக்கின்றனவா என்பவையே தீர்மானிக்கின்றன.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் n ஒற்றை எண்களின் கூடுதல் n² என்பது பத்தாம் வகுப்புப் பாடத்தில் வருவது. மாணவர்கள் அதைச் சூத்திரமாக அறிவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்றில் நிறுத்தும் கோலத்துக்குரிய புள்ளிகளை (நடுவரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் 5, 3, 1) கரும்பலகையில் இட்டு, மொத்தம் எத்தனை புள்ளிகள் என்று கேட்கவில்லை. மொத்தம் 25 என்று நானே எழுதிவிட்டு, ஒவ்வொன்றாக எண்ணாமல் இந்த 25-ஐ அடைவதற்கு எத்தனை வழிகள் உண்டு என்று கேட்டேன். திங்கட்கிழமை வரை அவகாசம் கொடுத்தேன்.

பெரும்பாலோர் வரிசைகளைக் கூட்டினார்கள்: 1, 3, 5, 7 ஆகியவை சேர்ந்து 16, கீழே 5, 3, 1 சேர்ந்து 9. இதுவே 4²-உம் 3²-உம் ஆகிறது என்று நால்வர் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவர் நடுப்புள்ளியிலிருந்து தொடங்கி, அதைச் சுற்றி 4, அதற்கு வெளியே 8, அதற்கும் வெளியே 12 என்று சாய்சதுர வளையங்களாகப் பிரித்து 1 + 4 + 8 + 12 என்று காட்டினார். கடைசி இருக்கையில் அமரும் ஒரு மாணவி, கணக்கில் நாற்பது மதிப்பெண்ணைத் தாண்டாதவர், நோட்டைச் சாய்த்துப் பிடித்து, “டீச்சர், இப்படிப் பார்த்தா நாலுக்கு நாலு கட்டம் ஒண்ணு, அதுக்கு இடையில மூணுக்கு மூணு கட்டம் ஒண்ணு தெரியுது” என்றார். சரியாகவே சொன்னார், 16 புள்ளிகள் ஒரு சதுரமாகவும், 9 புள்ளிகள் அதன் இடைவெளிகளில் இன்னொரு சதுரமாகவும் அமர்ந்திருக்கின்றன. சூத்திரத்தை வைத்து மற்றவர்கள் கணக்கிட்ட 4² + 3² என்பதை அவர் கண்ணால் கண்டார். நான் இத்தனை ஆண்டுகளாக மார்கழி தோறும் அந்தக் கோலத்தைப் போட்டுவருகிறேன். அந்த இரண்டு சதுரங்களையும் அன்றுவரை பார்த்ததில்லை.

இதில் வியப்புக்குரிய புதுமை ஏதும் என்னுடையது அன்று. விடையை முன்னதாகவே கொடுத்துவிட்டு வழியைக் கேட்பது நம் மரபுக்கு நன்கு தெரிந்த முறை. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். முடிவு கட்டுண்டது, தளையும் சீரும் கட்டுண்டவை, ஆனால் அந்த ஈற்றடிக்கு வந்துசேரும் பாதை முழுவதும் பாடுபவருக்குச் சொந்தம். 15-ஆம் நூற்றாண்டின் காளமேகப் புலவர் பெயரில் வழங்கும் தனிப்பாடல்கள் பல இவ்வாறு பிறந்தவை என்றே சொல்லப்படுகின்றன. கட்டுப்பாடு படைப்பாற்றலுக்குப் பகை என்று இன்று பயிற்சிக் கூட்டங்களில் பேசப்படுவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். எல்லாவற்றையும் திறந்துவிட்டு “சுதந்திரமாகச் சிந்தியுங்கள்” என்றால் குழந்தைகள் திகைத்துப்போய் முன்பு பார்த்ததையே வரைகிறார்கள்.

கும்பகோணத்துச் சீனிவாச இராமானுசனையும் இங்கே குறிப்பிட வேண்டும். தேர்வில் தோற்ற மேதை என்ற பழகிப்போன கதைக்காக அவரை அழைக்கவில்லை. பள்ளிப் பருவத்தில் அவர் கைக்குக் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூலில் ஆயிரக்கணக்கான கணித முடிவுகள் வரிசையாக இருந்தன. நிறுவல்கள் மிகச் சுருக்கம், பலவற்றுக்கு இல்லவே இல்லை. வழியைத் தானே கண்டுபிடிக்க வேண்டிய நிலையில் அந்நூல் அவரை நிறுத்தியது. நம்முடைய பாடநூல்களோ, நல்லெண்ணத்தோடுதான், எந்த இடைவெளியையும் விட்டுவைப்பதில்லை. எல்லா நிறுவல்களையும் எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாடத்துக்கு ஓர் இடத்திலாவது முடிவை மட்டும் அச்சிட்டு, கீழே அரைப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள் என்று கேட்கிறேன்.

மனப்பாடத்தைப் பற்றியும் ஒரு சொல். படைப்பாற்றலை வளர்க்க வேண்டுமென்றால் மனனத்தை ஒழிக்க வேண்டும் என்ற முழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. வாய்பாடு தெரியாத மாணவர் 4²-உம் 3²-உம் சேர்ந்து 25 என்பதைக் காண மாட்டார். நூற்றுக்கணக்கான பாடல்கள் நினைவில் இல்லாதவர் ஈற்றடிக்கு வெண்பா பாட மாட்டார். மீண்டும் மீண்டும் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்தெழுதிப் பார்ப்பது நீண்ட காலத்துக்கு நிலைக்கிறது என்பதை ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நம் திண்ணைப் பள்ளிகளும் ஒப்புவித்தலை வைத்தே இயங்கின. குறை மனனத்தில் இல்லை. நினைவில் சேர்த்ததை வைத்து விளையாடுவதற்கு ஓர் இடமும் தராமல், சேர்த்ததை அப்படியே கொட்டச் சொல்வதில்தான் இருக்கிறது.

பாடநூல்களில் அடிக்கடி வரும் ‘குழுவாகக் கலந்துரையாடுக’ என்ற வரியையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். கூட்டாகச் சிந்தித்தால் எண்ணங்கள் பெருகும் என்ற நம்பிக்கையை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறையாளர். ஆனால் 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தபோது, நால்வர் கூடிப் பேசித் திரட்டிய எண்ணங்களைவிட, தனித்தனியே அமர்ந்து எழுதிய நால்வரின் எண்ணங்களைச் சேர்த்துப் பார்த்தால் அவையே அதிகமாக இருந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதும், அதற்குள் தோன்றியது மறந்துபோவதும் முக்கியக் காரணம் என்று 1987-இல் டீல், ஷ்ட்ரேபே என்ற உளவியலாளர்கள் விளக்கினார்கள். நம் வகுப்புகளில் இன்னொரு காரணமும் உண்டு. முதல் மதிப்பெண் வாங்குபவர் வாய் திறந்ததும் மற்ற ஐவரும் பேனாவை மூடிவிடுகிறார்கள். ஆகவே நான் முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் தனியே எழுத வேண்டும் என்றும், பிறகே குழுவில் படித்துக்காட்ட வேண்டும் என்றும் வைத்திருக்கிறேன். கடைசி இருக்கை மாணவியின் சாய்த்துப் பிடித்த நோட்டு கலந்துரையாடலில் முதலிலேயே அமிழ்ந்துபோயிருக்கும்.

இனி மதிப்பீடு. 2012-13-இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் 100-க்கு 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் மதிப்பீட்டுக்கு, ஒதுக்கப்பட்டது, அதிலும் பாதி செயல்பாடுகளுக்கு. எண்ணம் சிறந்தது. நடைமுறையில், என் வகுப்பையும் சேர்த்தே சொல்கிறேன், கடையில் ஐந்து ரூபாய்க்கு வாங்கிய படத்தாளைச் சார்ட் அட்டையில் ஒட்டி வருவதற்கு மதிப்பெண் போட்டோம். மதிப்பெண் இருந்தது; எதற்குப் போடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. படைப்பாற்றலை அளக்க 1950-களிலிருந்து கில்ஃபோர்டும் அவருக்குப் பின் டாரன்ஸும் என அமெரிக்க உளவியலாளர்கள் பயன்படுத்திய அளவுகோல்கள் சிக்கலானவை அல்ல: எத்தனை வழிகள் சொன்னார், அவை எத்தனை வகைப்பட்டவை, வகுப்பில் வேறு யாரும் சொல்லாதது ஏதேனும் உண்டா, சொன்னதை எவ்வளவு தூரம் விரித்துக் காட்டினார். வரிசைகளை மேலிருந்து கூட்டியவர், கீழிருந்து கூட்டியவர், இரண்டும் இரண்டு வழிகள், ஆனால் ஒரே வகை. வளையங்கள் வேறு வகை. இந்த வேறுபாட்டை ஆசிரியர்கள் காணப் பழக வேண்டும். அதற்கு ஒளிப்பட விளக்கக் காட்சிகள் நிறைந்த ஒருநாள் பயிற்சி உதவாது. பத்து ஆசிரியர்கள் ஒரு மேசையில் அமர்ந்து ஒரே விடைத்தாளைத் தனித்தனியே திருத்தி, மதிப்பெண் ஏன் மாறுபடுகிறது என்று வாதிட்டாலே போதும்.

பொதுத்தேர்வைப் பற்றி என் கோரிக்கை எளியது. எதிர்பாராத கட்டாய வினாக்களின் எண்ணிக்கையைக் கூட்டி அதைப் படைப்பாற்றல் என்று அழைக்காதீர்கள். மூன்று மணி நேரத்துக்குள் அச்சத்தோடு எதிர்கொள்ளும் வினாவில் புதுவழி தோன்றுவது அரிது. எண்ணங்கள் ஊறுவதற்கு இடைவெளி வேண்டும் என்று 1926-இலேயே கிரகாம் வாலஸ் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர் எழுதினார். என் கோலக் கணக்குக்கு அந்தச் சனியும் ஞாயிறும் தேவைப்பட்டன. பொதுத்தேர்வில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாற்று வழி சரியாக இருந்தால் முழு மதிப்பெண் தரலாம் என்ற குறிப்பு விடைக்குறிப்பில் இடம்பெறுவது உண்டு என்றாலும், ஒரு நாளைக்குக் கட்டுக்கட்டாகத் திருத்துபவர் கண் அச்சிட்ட படிகளையே தேடுகிறது. ஒரு வினாவுக்காவது விடைக்குறிப்பில் இரண்டு, மூன்று வழிகளை விரிவாக அச்சிட்டு, வினாவிலேயே ‘இரண்டு வழிகளில் காண்க’ என்று கேளுங்கள். வினா புத்தகத்திலிருந்தே வரட்டும்.

அந்தத் திங்கட்கிழமை மணியடித்த பிறகு அம்மாணவி மேசைக்கு வந்து, நேர்ப்புள்ளிக்குப் பதில் இடுக்குப்புள்ளியாக (ஒரு வரிசையின் புள்ளிகளை அடுத்த வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக வைத்து), ஏழில் தொடங்கி நான்கில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டார். 37 வரும்; வளையங்கள் 6, 12, 18 என்று வளரும். நான் விடை சொல்லவில்லை. அவர் கேட்ட வினாவுக்கு மதிப்பெண் போட என் பதிவேட்டில் ஒரு கட்டம் இல்லை. வரும் கல்வியாண்டுக்கான மதிப்பீட்டுப் படிவத்தை நீங்கள் வடிவமைக்கும்போது, ‘மாணவர் எழுப்பிய வினா’ என்று ஒரு கட்டத்தைச் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை