ஒரு தேதி சொல்லுங்கள்: சிறப்பு முகாம் குறித்து முதலமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கும் பொதுத்துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் இல்லை. அதன் இடத்தில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் கிளம்புகிற அவசரத்தில் போட்டுவிட்டுப் போன சட்டத்தை ஒருவழியாக எடுத்துவிட்டார்களே என்று நினைத்தேன். எடுத்தது சட்டத்தை மட்டும்தான். அந்தச் சட்டத்தைக் காட்டி, வழக்கில் சிக்கிய இலங்கைத் தமிழ் அகதிகள் போன்ற வெளிநாட்டவரை அடைத்து வைக்கத் திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள் நடத்திவந்தீர்களே, சிறப்பு முகாம், அதன் பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. பூட்டி வைக்கும் அதிகாரமும் புதுச் சட்டத்துக்குள் பத்திரமாகக் குடியேறிவிட்டது.

சிறப்பு முகாம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1990இலிருந்து வேலூர், செங்கல்பட்டு, பூந்தமல்லி, செய்யாறு என்று ஊர் ஊராக மாறி, கடைசியில் எங்கள் ஊரில் வந்து நின்றிருக்கிறது. சட்டம் டெல்லியுடையது. ஆனால் வெளிநாட்டவர் ஒருவர் இந்த இடத்தில்தான் தங்க வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசு எப்போதோ மாநிலங்களின் கையில் கொடுத்துவிட்டது. கையெழுத்து சென்னைக் கோட்டையில்தான் விழுகிறது. அதனால்தான் இந்த மடல் டெல்லிக்குப் போகாமல் உங்களிடம் வருகிறது.

கேட்பது ஒன்றுதான். உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தேதி சொல்லுங்கள். எந்தத் தேதியில் அவருடைய கோப்பை மறுபடி பார்ப்பீர்கள், எந்தத் தேதிக்குள் குடும்பத்தோடு சேர விடுவீர்கள், அது முடியாதென்றால் எந்தத் தேதிக்குள் ஊருக்கு அனுப்புவீர்கள். அவ்வளவுதான்.

உள்ளே போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று பாருங்கள். மறுவாழ்வு முகாமில், அதாவது இலங்கைத் தமிழ் அகதிகள் குடும்பத்தோடு வாழும் முகாமில், இருக்கும் ஒருவர் மேல் வழக்கு வருகிறது. பாஸ்போர்ட் இல்லாமல் படகேறப் பார்த்தார் என்றோ, போலிப் பாஸ்போர்ட் என்றோ, வேறு ஏதாவதோ. செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம். அதை முடிவு செய்யத்தான் நீதிமன்றம் இருக்கிறது. நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கிறது, இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்கிறது. முகாமில் யார் பேரிலும் வீட்டுவரி ரசீது கிடையாது; வீடு அரசாங்கத்துடையது. உள்ளூர்க்காரர் இரண்டு பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர்கள் சும்மா வருவார்களா? மனைவியின் தோடு அடகுக்குப் போகிறது. வக்கீல் குமாஸ்தா உத்தரவோடு வருகிறார். அந்தப் பெண் மாற்றுச் சட்டை, லுங்கி வைத்த மஞ்சப்பையோடு சிறை வாசலில் நிற்கிறார். உள்ளே புருஷன் கையில் இன்னொரு காகிதத்தைக் கொடுக்கிறார்கள். இனி நீங்கள் சிறப்பு முகாமில் தங்கியிருக்க வேண்டும்.

நீதிபதி வீட்டுக்குப் போகலாம் என்றார். ஒரு ஜி.ஓ., அதாவது அரசாணை, போக வேண்டாம் என்றது. ஜி.ஓ.தான் ஜெயித்தது. இதில் ஜாமீன்தாரர்களின் பொறுப்பு மட்டும் அப்படியே நிற்கிறது, தோடும் அடகுக் கடையிலேயே இருக்கிறது. அரசாங்கமே பூட்டி வைத்திருக்கும் ஓர் ஆளுக்கு, ஓடிப்போகாமல் இருப்பார் என்று உள்ளூர்க்காரர் இரண்டு பேர் உத்தரவாதம். இந்த விசித்திரத்தைக் கோட்டையில் யாராவது உட்கார்ந்து யோசித்ததுண்டா?

அதன்பிறகு அந்தப் பெண் மனுப் போட்டுப் புருஷனைப் பார்க்க வந்து போகிறார். 2021இல் முகாம் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உதவித்தொகையை அரசு உயர்த்தியது. நல்ல காரியம், அதற்கு நன்றி. ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை திருச்சி வந்து திரும்பினால் அதில் என்ன மிஞ்சும்? பெயின்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷன் உள்ளே. அப்பா எப்போது வருவார் என்று கேட்கிற பிள்ளைக்கு அந்த அம்மா என்ன பதில் சொல்வார்? சிறையில் இருந்தாலாவது இத்தனை வருஷம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டலாம்.

சிறையில் தண்டனைக்கு அளவுண்டு. நன்னடத்தைக்குக் கழிவுண்டு. வீட்டில் சாவு என்றால் பரோல் உண்டு. மாவட்ட நீதிபதி வருவார், அரசு சாராப் பார்வையாளர்கள் வருவார்கள், குறை கேட்பார்கள். குண்டர் சட்டத்தில் போடப்பட்டவருக்குக்கூட வழியிருக்கிறது. 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி அவருடைய கோப்பு, காவலில் வைத்தது சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்துக்கு மூன்று வாரத்துக்குள் போயாக வேண்டும், என்ன ஆனாலும் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. சிறப்பு முகாம் வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கிறது. அது சிறை இல்லையாம், அதனால் சிறை விதி செல்லாது. தடுப்புக் காவலும் இல்லையாம், அதனால் அறிவுரைக் குழுமமும் கிடையாது. சிறையில் உள்ள கட்டுப்பாடுகள் எல்லாம் இருக்கும், சிறைவாசிக்கு உள்ள உரிமைகள் மட்டும் இருக்காது என்றால் இதை யார் கண்காணிக்கிறார்கள்? காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் கண்காணிக்கிறது, உள்ளே இருப்பவர்களை. உங்கள் உத்தரவைக் கண்காணிப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

அசாமைப் பாருங்கள். வெளிநாட்டவர் என்று தீர்ப்பாயம் அறிவித்து அடைத்து வைத்தவர்களை, மூன்று ஆண்டு முடிந்திருந்தால் நிபந்தனையோடு விடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. 2020இல் கொரோனா வந்ததும் அதை இரண்டு ஆண்டாகக் குறைத்தது. 2025 பிப்ரவரியில், அனுப்ப வேண்டியவர்களை அனுப்பாமல் உள்ளேயே வைத்திருக்கிறீர்களே, முகூர்த்தம் பார்க்கிறீர்களா என்று அசாம் அரசிடம் நீதிபதிகள் கேட்டார்கள். அங்கே நடப்பதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேகூட இரண்டு ஆண்டு என்று ஒரு கணக்கு வந்துவிட்டது. சமூகநீதி பேசுகிற நம் மாநிலத்தில் அந்தக் கணக்குகூட இல்லையே.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட இலங்கைக்காரர் சாந்தன் விஷயத்தைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. அந்த வழக்கைப் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம், எனக்கு ஒன்று இருக்கலாம், அதை இங்கே விடுவோம். 1991இல் கைதானார். 2014 பிப்ரவரியில் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. விடுதலையான ஆறு பேரில் இலங்கைக்காரர்கள் நான்கு பேர். சிறை வாசலிலிருந்து அந்த நால்வரையும் நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தவருக்கு விடுதலைக்கு அப்புறம் மிஞ்சியது அந்த முகாம்தான்.

யாழ்ப்பாணத்தில் வயதான அம்மா. ஊருக்கு அனுப்புங்கள், கடைசிக் காலத்தில் அம்மாவோடு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இங்கேயே இருக்கிறேன் என்று அவர் அடம்பிடிக்கவில்லை. போகிறேன் என்றார். அதற்குத்தான் பதினைந்து மாதம். திருச்சி விமான நிலையம் சிறைக்கு ஆட்டோ தூரத்தில் இருக்கிறது, அங்கிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இலங்கைத் தூதரகம் பயண ஆவணம் தர வேண்டும், டெல்லி அனுமதி தர வேண்டும், அதுவரை நாங்கள் என்ன செய்ய முடியும் என்பீர்கள். சரி. 2024 பிப்ரவரியில் அனுமதி வந்தது. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 28 காலை சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்துபோனார். அனுமதி வந்தும் ஏன் அனுப்பவில்லை என்று உயர் நீதிமன்றமே கேட்டது. யாழ்ப்பாணத்து உடுப்பிட்டிக்கு உடல்தான் போய்ச் சேர்ந்தது.

மற்ற மூவரும் ஏப்ரல் 3 அன்று கொழும்பு விமானம் ஏறினார்கள். பதினைந்து மாதம் நகராத கோப்பு, ஒருவர் செத்தபிறகு ஐந்து வாரத்தில் ஓடியது. முடியாத காரியம் இல்லை என்று இதிலேயே தெரிகிறதே. அவர்கள் விடுதலையான அன்றே, இந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும், தவறினால் ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால், அந்தத் தாய் மகனை உயிரோடு பார்த்திருக்க வாய்ப்பிருந்தது. ஊரே அறிந்த, பத்திரிகை நாள்தோறும் எழுதிய ஒருவருக்கே இந்தக் கதி. பேர் தெரியாதவர்களின் கோப்பு எந்த அலமாரியில் கிடக்கிறதோ.

பாதுகாப்பு என்பீர்கள். 1995இல் வேலூர்க் கோட்டையிலிருந்து விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பியது எனக்கும் தெரியும். அவர்களுடைய போர் இலங்கையில் 2009இல் முடிந்துவிட்டது. உள்ளே ஆபத்தானவர் யாராவது இருந்தால் வழக்கு நடத்தித் தண்டனை வாங்கிக் கொடுங்கள், யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பூட்டு என்றால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது, சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும்.

சொல்ல ஆரம்பித்தால் இன்னும் இருக்கிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கும் இடம் கிடைத்தது. பக்கத்தில் இலங்கையிலிருந்து 30 கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு கொடுத்தது: 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்று நடவடிக்கை கிடையாதாம். குடியுரிமை பற்றி ஒரு வார்த்தை இல்லை. இலங்கையோடு சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் போட்டது 1964இல். இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் 5,25,000 பேரை ஏற்கிறோம் என்று இந்தியா கையெழுத்துப் போட்டது. அந்த வம்சாவளியைச் சேர்ந்தவர்கள் இன்னமும் முகாமில் இருக்கிறார்கள். கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களில் இருந்த அப்படிப்பட்ட 65 பேர் நீதிமன்றம் போய், அவர்களுடைய விண்ணப்பத்தைப் பரிசீலியுங்கள் என்று 2019இல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதனிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று குடியுரிமைச் சட்டம் பச்சையாகச் சொல்கிறது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் அதைச் சொல்லி பாஸ்போர்ட் வாங்கவும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது, 2022இல். சட்டத்தில் இருப்பதைக் கேட்கவே கோர்ட்டுக்குப் போ என்றால், சட்டத்தில் இல்லாததை எங்கே போய்க் கேட்பது?

இதற்கு மேல், 2025 மே மாதம், இந்தியா ஒன்றும் தர்மசாலை இல்லை என்று உச்ச நீதிமன்றத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அங்கே மனுப்போட்ட இலங்கைத் தமிழர் ஏழு வருஷத் தண்டனையை முடித்து, அப்புறமும் மூன்று வருஷம் போல அடைபட்டுக் கிடந்தவர். தர்மசாலையில் வந்தவனை வெளிப்பக்கமாகப் பூட்டி வைக்க மாட்டார்கள், ஐயா.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். குடியுரிமை டெல்லியின் கையில். நீங்களும் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், தொடர்ந்து எழுதுங்கள். ஆனால் சிறப்பு முகாமின் சாவி உங்கள் மேஜையில் இருக்கிறது. பழைய சட்டத்தின் பேரில் போட்ட உத்தரவுகளை எல்லாம் எப்படியும் தூசி தட்டி எடுக்க வேண்டிய நேரம் இது. எடுக்கும்போதே இதையும் செய்துவிடலாம்.

யாரைச் சிறப்பு முகாமுக்கு அனுப்பினாலும் காரணத்தை எழுத்தில், தமிழில் கொடுங்கள். குடும்பத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு போட்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கோப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். மாவட்ட நீதிபதி சிறைக்கு வரும்போது அந்த இன்னொரு வாசலுக்குள்ளும் போய் வரட்டும். மறுவாழ்வு முகாமில் மனைவி பிள்ளைகள் இருப்பவர்களையும், நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தவர்களையும் குடும்பத்தோடு இருக்க விடுங்கள். அங்கேதான் பதிவேடு இருக்கிறது, செக்கிங் இருக்கிறது, யாரும் காணாமல் போய்விடப் போவதில்லை. ஊருக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுப்பவரை அனுப்ப ஒரு கெடு வையுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டெல்லியின் தயவோ பெரிய நிதியோ தேவையில்லை. வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரில் மறுவாழ்வுத் துறை மானியக் கோரிக்கை வரும்போது, சிறப்பு முகாமில் இன்று எத்தனை பேர், ஒவ்வொருவரும் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறார்கள், எந்தத் தேதி வரை என்று அவையில் ஒரு பட்டியல் வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ‘எந்தத் தேதி வரை’ என்ற கட்டத்தை நிரப்ப முடியாத பெயர்களிலிருந்து குழு தன் வேலையைத் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு வாக்காளன்