கீரைக்கு மேல் அரை மூடி எலுமிச்சை

அன்புள்ள பாப்பா,

ஹீமோகுளோபின் 9.8 என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு. அதோடு நான் சொல்வதையும் கேள்.

காலையில் வெறும் வயிற்றில் சுடுதண்ணீரில் எலுமிச்சை பிழிந்து குடிக்கிறேன் என்றாயே, உடம்பு இளைக்க அதில் தனியாக ஒன்றும் இல்லை. தினமும் குடித்தால் அந்தப் புளிப்பு பல்லை அரிக்கும். அதே பழத்தைச் சாப்பாட்டு நேரத்துக்கு எடுத்து வை. எலுமிச்சையில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம். ஆனால் கீரை, பருப்பு, கேழ்வரகில் இருக்கும் இரும்பு லேசில் உடம்பில் சேராது. கூடவே வைட்டமின் சி போனால்தான் குடல் அதை நன்றாக இழுத்துக்கொள்ளும்.

நம் புளியங்குடிப் பழத்தின் மணம் அங்கே இல்லை என்கிறாய். சரி. ஆனால் நம் பழச்சாற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் வைட்டமின் சி என்றால், அங்கே கிடைக்கும் பெரிய மஞ்சள் பழத்தில் 40 வரை இருக்கும். நீ இருக்கிற எடின்பரோவில் பிறந்த ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், 1747-ல் வைட்டமின் சி குறைவால் ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் ஒரு வாரத்துக்குள் தேறினார்கள். அதில் ஒருவர் மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு எழுந்துவிட்டார். இந்த மஞ்சள் பழத்தை ஒதுக்காதே அம்மா.

அடுப்பில் கொதிக்க மட்டும் விடாதே. ஆச்சி எலுமிச்சஞ்சோறு செய்யும்போது சட்டியை இறக்கி வைத்த பிறகுதான் பிழிவாள், இல்லாவிட்டால் கசக்கும் என்பாள். வைட்டமினுக்கும் அதுதான் நல்லது, சூட்டில் அது அழிந்துபோகும். நேற்று முருங்கைக்கீரை துவட்டினேன். பழத்தை உள்ளங்கையால் அழுத்தி நாலு தரம் உருட்டிவிட்டு அறுத்தேன், சாறு தாராளமாக வந்தது. பரிமாறின பிறகு அப்பா தட்டில் அரை மூடி பிழிந்தேன். பச்சை நிறம் கொஞ்சம் மங்கும், அதனால் ஒன்றுமில்லை.

அங்கே முருங்கை கிடைக்காவிட்டால் கொண்டைக்கடலைச் சுண்டலில் பிழிந்து சாப்பிடு. அப்புறம், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறாயே, அது இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது போகட்டும்.

அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று எழுது.

அன்புடன்,
அம்மா